பதினாறடிக் குழல்

நவம்பரில் டிராண்ட்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கை தெரியாவிட்டால் கூட்டம் நடக்காது,
ஆகவே எல்லா விளக்கும் எரிந்தன.
ஐந்து பேர், ஒரு ஃபிளாஸ்க் காபி,
ஈரக் கம்பளிக் காலுறைகளின் வாடை.
ஆறாவதாக நான்:
காது கேளாதோர் சபைக்குப் புதிதாக வந்த
ஆர்கன் வாசிப்பவள்.
சிரிக்கலாம். வேலை விளம்பரத்தைப் படித்து
நானும் சிரித்தேன்.

பட்டியல் கொண்டுபோயிருந்தேன்.
வரும் ஞாயிறு ஞானஸ்நானம். ஆறு பாட்டு,
பாமாலை எண், மெட்டு, சுருதி, எல்லாம் தட்டச்சில்.

ஹால்டிஸ் முதல் பாட்டிலேயே விரலை வைத்தாள்.
இதில் சின்னச் சொற்கள் அதிகம்,
கை நொண்டும் என்றாள்.
இரண்டாவதில் 'கேளுங்கள்' என்று நான்கு முறை.
அவள் புருவம் மட்டும் உயர்ந்தது.
நானே அடித்துவிட்டேன்.
மூன்றாவது அழகு என்றார்கள்.
எப்படித் தெரியும் என்று கேட்கப் போய்
காபியைக் குடித்தேன்.

பலூன் கொடுக்கலாம், மடியில் பிடித்தால் அதிரும்
என்றான் ட்ரிக்வே.
பலூன் பிறந்தநாளுக்கு என்றார் போதகர்.
இது வேறென்ன என்றான் அவன்.
மேசை குலுங்கியது.
அஸ்கெய்ர் தட்டினால் எல்லோரும் திரும்பியாக வேண்டும்.

அவர் கைகள் மெல்லப் பேசும்,
எனக்காக இன்னும் மெல்ல:
பள்ளியில் கையை முதுகுக்குப் பின்னே வைக்கச் சொன்னார்கள்.
காலை ஜெபத்தில் வரிசையாக நின்று உதடு அசைத்தோம்.
ஒன்பது வருடம் வாயைத் திறந்து மூடினேன்,
வாளியில் போட்ட மீன் மாதிரி.
அதற்குப் பெயர் துதி.
இந்த வீட்டிலாவது அந்தப் பெட்டியைப் பூட்டி வையுங்கள்.

யாருடைய கையும் எழவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பனி,
அதற்கென்ன, யாரிடமும் சொல்லாமல்தான் விழும்.

பிறகு குன்லாய்க்,
தோளில் குழந்தையைச் சாய்த்தபடி
ஒற்றைக் கையால் சொன்னாள்:
இவளுக்குக் காது கேட்கிறது.
கதவு அறைந்தால் திடுக்கிடுகிறாள்,
அப்படித்தான் கண்டுபிடித்தோம்.
எங்கள் வீட்டில் அவளுக்கு என்ன கேட்கிறதோ.
ஃபிரிட்ஜ் உறுமுமாம், அக்கா சொன்னாள்.
ஞாயிறன்று அவளுக்கென்று ஏதாவது இருக்கட்டும்.
எங்களுக்கும் இருக்கட்டும்.
என்னவென்று நீ சொல்.

எல்லாக் கண்ணும் என்மேல்.
பதினான்கு வருடப் படிப்பு, சட்டம் போட்ட சான்றிதழ்.
'தெரியாது' என்ற சைகை ஒன்றுதான்
அன்று எனக்குப் பிழையில்லாமல் வந்தது.

கீழே கோயிலுக்குள் போனோம்.
காலணியைக் கழற்றச் சொன்னேன்.
சிறு குழல்களை ஒவ்வொன்றாய்த் திறந்தேன்:
தபால் நிலைய வரிசையில் நிற்கும் முகங்கள்.
பிறகு இடது காலால் பதினாறடிக் குழல்,
ஆகக் கீழ் ஸ்வரம்.
தரைப் பலகைக்குள் ஏதோ புரண்டு படுத்தது.
ட்ரிக்வே தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான்.
குழந்தை தாயின் தோளில் தலையைத் திருப்பி
எங்கே எங்கே என்று தேடியது.
அதுதான் என்றாள் ஹால்டிஸ்.
அது மட்டும்.

அஸ்கெய்ர் மேலேயே இருந்துவிட்டார்.

ஞாயிறு.
ஹால்டிஸின் கை எழும்போது தொடங்க வேண்டும்,
தாழும்போது நிறுத்த வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.
முப்பது பேரின் கைகள் தண்ணீரைப் பாடின:
மேகத்தில் எடுத்து, தோளில் இறக்கி,
மடியில் கொட்டி, மறுபடியும் மேகத்துக்கு.
எல்லோரும் கம்பளிக் காலுறையில்.
அஸ்கெய்ர் மட்டும் ரப்பர் பூட்ஸில் வந்தார்,
படகுக்காரர் பூட்ஸ், முழங்கால்வரை, இரண்டு விரல் அடி,
ஒரு பொட்டு அதிர்வும் ஏறக்கூடாதென்று.
என்னைப் பார்த்து, பூட்ஸைக் காட்டி,
பகையில்லாமல் தலையசைத்தார்.
அந்தச் சபையில் அன்று
ஆக நன்றாகப் பாடியவை அவர் கைகள்.
பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் நெற்றியில் பட்டதும் குழந்தை வீறிட்டது.
கேட்டவர்கள் மூன்று பேர்.
மற்றவர்கள் அந்தச் சிவந்த வாயைப் பார்த்து
கைகளை உயர்த்தி விரல்களைச் சிலுப்பினார்கள்.

ஹால்டிஸின் கை எப்போதோ தாழ்ந்திருந்தது.
நான் மிதிகட்டையிலிருந்து
காலை எடுக்கவில்லை.