நாலாம் தண்ணீர்

யூரியா வந்த பழைய உரப்பையைத்தான்
கொண்டுபோனேன்.
தம்பிலுவில் கடற்கரையில், வாடைக்குப் பிறகு,
அலை கக்கிய பாசி
வலைத்துண்டோடும் ஒற்றைச் செருப்போடும் கிடந்தது.

சைக்கிள் கரியரில் நீர் ஒழுக ஒழுக வீடு.
பக்கத்து வளவுச் சாந்தரூபி மூக்கைப் பொத்தினாள்:
"என்ன டீச்சர், கருவாடு நடப்போறீங்களோ?"

முதல் தண்ணீர் கலங்கல்.
இரண்டாம் தண்ணீரில் நண்டுக்குஞ்சு ஒன்று
வாளி விளிம்புவரை ஏறி விழுந்தது.
மூன்றாவதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரிக்கவில்லை.
ஆனாலும் நாலாவது வாளி இறைத்தேன்.

ஒருமுறை இது கேளாமல் வந்தது,
மார்கழியில், காலையில், கிணறு முழுக்க.
அதற்குப் பிறகு இரண்டு வருசம்
இந்த வளவில் கீரைகூட முளைக்கவில்லை.
ஆட்களின் கணக்கை இதில் சேர்க்கவில்லை.

இப்போது பீப்பாயில் மூடி வைத்திருக்கிறேன்,
நாற்பது நாள்.
மூடிக்கு மேல் ஒரு செங்கல்,
அதற்கு மேல் இன்னொன்று.
பிறகு ஒரு கோப்பைக்குப் பத்துக் கோப்பை நல்ல தண்ணீர்,
கத்தரிக்கும் பயற்றைக்கும், அந்தியில்.

சாந்தரூபி வேலிக்கு மேலால் பார்க்கிறாள்.
பயற்றங்கொடி அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.
பறி, என்கிறேன்.
முதலில் ஒன்றைக் கடித்துப் பார்க்கிறாள்,
உப்பா என்று.