படத்தில் இருக்கும் கை

சம்மன் தண்ணீர் பில்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
அறுபது போகவேண்டிய இடத்தில் எழுபத்தொன்பது.
நூற்றைம்பது வெள்ளி.
நேரம் காலை 6.41.
கீழே கறுப்பு வெள்ளையில் என் பள்ளி வேனின் முதுகு,
நசுங்கிய பம்பர்,
பின்கண்ணாடியில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சின்னக் கை
கேமராவுக்கு டாட்டா காட்டுகிறது.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
அந்த மாதம் கொய்யா மரத்திலிருந்து விழுந்தவள்
கீர்த்தீபா ஒருத்திதான்.
அவள் வேனில் ஏறுவது ஆறு ஐம்பத்தைந்துக்கு,
ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில்.
ஒருநாளும் முந்தி வந்தவள் இல்லை.

அப்படியென்றால் கேமராவின் கடிகாரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?
கடிகாரம் பிசகினால்
வேகம் மட்டும் பிசகாதா?

வேகமாகப் போனேனா என்று கேட்டால்
போயிருப்பேன்.
அந்த இறக்கத்தில் வேன் என் பேச்சைக் கேட்பதில்லை.

டவுனுக்குப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். 3047.
கவுண்டரில் புவான் சுஹைலா, நல்ல மனுஷி,
என் பேனா எழுதாதபோது தன்னுடையதைத் தந்தார்.
கேட்டேன்:
இந்தக் கேமராவைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?
சோதித்தவர் யார்? தாள் இருக்கிறதா?
அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?
அவர் திரையைப் பார்த்தார்,
பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.
"சூலிட், காக்."
ரகசியமாம்.
என் காதில் அது தமிழாகவே விழுந்தது, சூல் கொண்ட சொல்லாக.
உள்ளே ஏதோ இருக்கிறது,
பிறக்கத்தான் விடமாட்டார்கள்.

சங்காட் செராயில் இது யாருக்கு ரகசியம்?
செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால்
இரண்டு முறை விளக்கைச் சிமிட்டும்.
கோப்பிக் கடை ஆ செங் சில்லறை தரும்போதே சொல்வார்,
இன்று கண் திறந்திருக்கு என்று.
ஆலைக்குப் போகும் நேப்பாளப் பையன்களுக்குக்கூடத் தெரியும்,
அவர்களிடம் மோட்டார் சைக்கிளே இல்லை.
எங்கே என்பது ஊருக்கே தெரியும்.
ஏன் அங்கே என்பதுதான் தெரியாது.

பழைய ஆலை முச்சந்தியில் மூன்று பேர் போனார்கள்.
ஜமால், வங்கதேசத்துப் பையன், பெயரைத் தவிர யாரும் எதுவும் அறியாதவன்.
வாத்தியார் குணாளன்.
கர்ப்பத்தோடு தெய்வயானை.
அங்கே கேமரா வேண்டும் என்று
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவள் நான்தான்.
நான்கு கைநாட்டு தனி.
கேமரா வந்தது,
முச்சந்தியைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில்,
இதுவரை ஒரு கோழிகூடச் சாகாத இறக்கத்தில்.

கடிதம் போட்டேன். பதில் இல்லை.
நகல் எடுத்து மறுபடி போட்டேன்.
ஒரு சனிக்கிழமை, பழைய டயரில் வெள்ளைப் பெயிண்டால்
'முன்னால் கேமரா, மெதுவா போங்க' என்று எழுதி
செம்பனை மட்டையில் கட்டித் தொங்கவிட்டேன்.
ஒன்பதே நாளில் பதில் வந்தது!
அனுமதியில்லாத அறிவிப்புப் பலகை.
அபராதம் தனி.
அந்தக் கடிதத்தில் தேதி, நேரம், டயரின் விட்டம்,
எல்லாம் அவ்வளவு துல்லியம்.

அந்த ஒன்பது நாளும் அங்கே வண்டிகள் மெதுவாகத்தான் போயின.
அதை யாரும் அளக்கவில்லை.

சம்மனைக் கட்டிவிட்டேன். ரசீதை வைத்திருக்கிறேன்.
கேள்விகளை எழுதிய பாரம்
அந்தக் கதவுக்குப் பின்னால் எந்தத் தட்டிலோ.

கீர்த்தீபாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது.
இன்று இறக்கத்தில் நாற்பதில் போகும்போது
பின்சீட்டிலிருந்து குரல்:
"ஆண்ட்டி, நம்மள படம் புடிச்சாங்கல்ல,
எனக்கு ஒண்ணு குடுப்பாங்களா?"

கேட்டிருக்கேன்மா, என்றேன்.