பத்து வோல்ட்

கொருக்குப்பேட்டை கேட் போட்டாயிற்று.
கரி வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக,
யாருக்கும் அவசரமில்லை.
நான் ரயிலைப் பார்க்கவில்லை.
முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்டு.
கிளம்பிய பத்தாம் நிமிஷம்
சோம்பல் முறித்து எழும் முள்
நடுக்கோட்டைத் தாண்டி, நகர்ந்து நகர்ந்து,
சிவப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
இன்ஜினை அணைப்பேன். பானெட்டைத் திறப்பேன்.
பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்
என் பரம்பரையை விசாரிப்பார்.

மூன்று மாதம் இப்படி.
வியாசர்பாடியில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன்.
கால் கிலோ துருச்சேறு இறங்கியது,
முள் இறங்கவில்லை.
தெர்மோஸ்டாட்டை மாற்றினேன்.
புதுப்பேட்டையில் புது சென்சார் வாங்கி
மரைக்கு வெள்ளை டேப் சுற்றி முறுக்கினேன்.
டேப் சுற்றினால் எர்த் கிடைக்காது என்று
டேப் விற்றவனே அப்புறம் சொன்னான்.
பிரித்தேன். மறுபடி மாட்டினேன்.
முள் அதே இடத்தில்,
முன்பணம் கொடுத்துக் குடிவந்தவன் மாதிரி.

தமயந்தி ஸ்டான்லியில் லேப் டெக்னீஷியன்.
நைட் டியூட்டி முடிந்து வந்தவள்
பையிலிருந்து நீளமான தெர்மாமீட்டரை எடுத்தாள்.
"ஆஸ்பத்திரியோடது இல்ல. என் காசு."
மூடி திறந்த ரேடியேட்டருக்குள்
நூல் கட்டி இறக்கினாள்.
வண்டி ஓடாமல் உறுமிக்கொண்டு நின்றது.
லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்திருந்தவர்கள்
வரிசையை விடாமல் எட்டிப் பார்த்தார்கள்.
இருபது நிமிஷம். எண்பத்திரண்டு டிகிரி.
உள்ளே முள் மட்டும்
சிவப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.
"வண்டிக்குக் காய்ச்சல் இல்ல, உனக்குத்தான்" என்று
போய்ப் படுத்துவிட்டாள்.

தண்டையார்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் எப்சிபா
நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு
நான் சொல்லாததைக் கேட்டாள்:
"பெட்ரோல் முள்ளு இன்னா சொல்லுது?"

பெட்ரோல் முள் மீது எனக்குப் புகாரே கிடையாது.
எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.
போன மாதம் அது கால் டாங்க் காட்டிக்கொண்டிருந்தபோதே
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நின்றுபோனேன்,
இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள்.
அதற்கு பங்க்காரனைத் திட்டினேன்.

"ரெண்டு முள்ளும் ஒரே பக்கமா சாயுதுன்னா
ரெண்டையும் எவனோ ஒருத்தன் தள்றான்."

வாயில் டார்ச், வெளியே இரண்டு கால்கள்.
மீட்டருக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி,
தீப்பெட்டியைவிடச் சின்னது.
பன்னிரண்டைப் பத்தாக்கி
முட்களுக்குப் பங்கு வைப்பது அதன் வேலை.
"விட்டு விட்டுத் துடிக்கணும்" என்றாள்.
துடிக்கவில்லை.
பன்னிரண்டரை வோல்ட் நேராகப் பாய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியில் கோளாறு இல்லை.
அது நிற்கிற இடத்தில், திருகாணிக்கு அடியில்,
தகரத்தைக் காணோம். பெயின்ட்.
யானைத்தந்த நிறம், இரண்டு கோட்டு,
மேலே ஒரு வார்னிஷ்.
தீபாவளிக்கு நான் அடித்தது.
யாரும் பார்க்காத உட்பக்கத்தைக்கூட
விட்டுவைக்காமல்.

யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை.
உப்புத்தாளை நீட்டினாள்.
"நீயே தேய்."
நாலணா அகலத்துக்குத் தகரம் வெளுத்தது.
முறுக்கினோம். சாவி போட்டோம்.
கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

முள் எழுந்தது. ஏறியது.
நடுவுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.
இன்னும் ஏறும் என்று காத்திருந்தேன்,
கையை பானெட் லீவரில் வைத்தபடியே.
ஏறவில்லை.
அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
பக்கத்து முள் அடியில் கிடந்ததை
இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் முன்னால்
வண்டி இருமி, குலுங்கி, நின்றது.
நான் முள்ளைப் பார்த்தேன்.
எப்சிபா ஏற்கெனவே இறங்கிப் பின்னால் போய்விட்டாள்.
"இப்போ ரெண்டும் உண்மைதான் சொல்லுது.
இறங்கு. தள்ளு."