அடிஸ்கேல்

தக்கலை நூலக மாடியில் ஐந்து மணிக் கூட்டம்
ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது.
குலசேகரம் பஸ் வந்த பிறகுதான்
நாவலாசிரியர் வந்தார்.
தகரக் கூரையில் மழை
மைக்கை விடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது.

எப்படி எழுதுகிறீர்கள் என்று
முதலில் அவரைக் கேட்டார்கள்.
வில்சன் ஞானதாஸ். ஆறு நாவல், ஒரு விருது,
ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு.
விடியற்காலம் நாலு மணிக்கு, பால்வெட்டுகிறவர்கள்
நெற்றியில் விளக்குக் கட்டி மரம் மரமாகப் போகையில்
தன் பாத்திரங்களும் எழுந்து நடப்பார்கள் என்றார்,
தான் பின்னால் போவதோடு சரி.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு மைக் என்னிடம்.
நான் பகுதிநேர நிருபர்.
எனக்குக் கூலி சென்டிமீட்டர் கணக்கு.
மாதக் கடைசியில் வந்த செய்திகளைக் கத்தரித்து
வெள்ளைத்தாளில் ஒட்டி
மகளின் அடிஸ்கேலால் அளந்து
திருநெல்வேலி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.
ஸ்கேலின் முதல் இரண்டு சென்டிமீட்டரை
ஒன்றாம் வகுப்பிலேயே அவள் கடித்துத் தின்றுவிட்டாள்.
இரண்டிலிருந்து அளந்து, பிறகு கழிப்பேன்.
கழிக்க மறந்த மாதமும் உண்டு.
சிரித்தார்கள்.

அமைச்சர் வருகை இருபத்திரண்டு.
பேச்சிப்பாறை மதகு திறப்பு பதினொன்று.
தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து
மீனவர் மாயம்: நாலரை.
நான் எழுதி அனுப்பியது அரைப்பக்கம்.
அவருடைய செருப்பு
தூண்டில் வளைவின் மேல் ஜோடியாகவே
இரண்டு நாள் கிடந்தது,
ஒருவரும் எடுத்துப் போகவில்லை.
அதை வெட்டிவிட்டார்கள்.
வெட்டுப்பட்ட வரிகள்தான் இந்தப் புத்தகம் என்றேன்.
நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

கடைசி வரிசையில்
நனைந்த குடையை மடியிலேயே வைத்திருந்த பெண்
எழுந்தார். மைக் வேண்டாமென்றார்.
"நாப்பத்தி மூணாம் பக்கம்.
மனைவி சகாய புஷ்பம்னு போட்டிருக்கியளே,
அது நான்தான்.
நான் அழல்ல."

மழை விட்டிருந்தது, அல்லது
எனக்குக் கேட்கவில்லை.

"எனக்க போன்ல ரெண்டு பெர்சென்ட்தான் கெடந்து.
அவரு விளிச்சா எடுக்கணும்லா.
நீங்க உள்ள வரும்பம்
கட்டிலுக்கு அடியில சார்ஜர் தேடிட்டு இருந்தேன்."

புரட்டினேன். நாற்பத்து மூன்று.
கதறி அழுதது காண்போரைக் கண்கலங்கச் செய்தது.
நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை
எந்தச் சாவுக்கும் பொருந்துகிற வரி.
இதற்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.
ஆபீசில் இதை ஒருநாளும் வெட்டியதில்லை,
ஒன்றரை சென்டிமீட்டர்.
வெட்டுப்படாதது இந்தப் புத்தகத்துக்குள்
எப்படி வந்தது?

அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றேன்.
"அது எப்பம்?" என்றார்.

வில்சன் ஞானதாஸ் என் பக்கம் சாய்ந்து
அந்தச் சார்ஜரை நான் எடுத்துக்கொள்ளலாமா என்றார், ரகசியமாக.
அவரிடம் கேளுங்கள் என்றேன்.
கேட்கவில்லை.

மேசைமேல் இருந்த பிரதியை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.
"நூலகப் புத்தகத்துல கிறுக்கக் கூடாது மேடம்."
நூலகர் சொன்னது சட்டப்படி சரி.
சகாய புஷ்பம் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் நிற்காமல்
படியிறங்கிப் போனார்,
கருங்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

அச்சடித்தது முன்னூறு.
எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருநூற்றுப் பதினொன்று.
குனிந்து ஒவ்வொரு கட்டாக இழுத்தேன்.
கோடு நேராக விழ அதே ஸ்கேல்.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்:
சார்ஜர் தேடிக்கொண்டிருந்தார்.
நூற்றுப் பத்தில் நீலம் தீர்ந்தது.
மிச்சம் மகளின் பச்சை ஸ்கெட்சில்.

விற்றதும் சும்மா கொடுத்ததுமாக
எண்பத்தொன்பது வெளியே இருக்கிறது,
நூலகத்தில் இருப்பதையும் சேர்த்து.
அதிலெல்லாம் அவர் இன்னும்
கதறி அழுதுகொண்டிருக்கிறார்,
நான் சொன்னபடி.