தொழில் என்ற கட்டம்

சிரம்பான் அலுவலகம் தந்த பாரத்தில்
குருவுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஆறு வரி.
பெயர். பிறந்த தேதி. முகவரி. தொழில். இறந்த தேதி. வாரிசு.
ரந்தாவ் கடைவரிசையில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்,
எங்கள் யோக சபையின் ஒரே மேசையில்
எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் செயலாளர்.
பகலில் செம்பனை ஆலை எடைமேடையில் லாரி நிறுப்பவள்.

முதலாமவருக்குப் பெயரே சிக்கல்.
பொதிகை அடிவாரத்தில் ஆட்டுக்கிடை போட்டவர் என்றும்
கிடைக்காரர்கள் அடித்து விரட்டியவர் என்றும் இரண்டு கதை.
படம் இல்லை. சுவரில் அவருக்கு வெறும் சட்டம்;
கற்பூரம் காட்டினால் கண்ணாடியில் நம் மூக்கு தெரியும்.
கிடைச்சாமி என்று எழுதினேன்.
மற்ற ஐந்து வரியும் காலி.

வெயிலுகந்தான் அவரிடம் பதினோரு மாதம் இருந்து
கப்பல் ஏறியவர். துறவெல்லாம் இல்லை. கடன்.
தொழில்: பால்வெட்டு. இது சுலபம்.
விடிவதற்குள் தொடங்கி முந்நூற்றெண்பது மரம்.
மரத்துக்கு மரம் நடக்கையில் பூரகம்,
கத்தி பட்டையில் இறங்கி முடியும்வரை கும்பகம்,
மங்கில் பால் சொட்டினால் விடு.
பிரட்டுக்குப் பிந்தியவனுக்கு அரைநாள் சம்பளம் போகும்,
அதனால் அவர் சீடர்கள் எவரும்
கண்ணை மூடித் தியானம் செய்ததில்லை.
"பட்டையோடு நில். மரத்தைத் தொட்டால் புண்."
அவர் சொன்னதாக எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.
வெட்டுக்குச் சொன்னதா மூச்சுக்குச் சொன்னதா என்று
சபையில் சண்டை வந்து
இரண்டு குடும்பம் இன்னும் பேசுவதில்லை.
சயாம் ரயிலிலிருந்து திரும்பியபின் குடித்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது வீரக்காள். ஆயாக்கொட்டகை ஆயா.
நாற்பது தொட்டில். எதில் இழுப்பு மாறினாலும்
முதுகு காட்டி நின்றபடியே பிள்ளையின் பெயர் சொல்வாராம்.
வெயிலுகந்தான் தன் பாயை மடித்து
வீரக்காள் கையில் கொடுத்த அன்று
மண்டோர்மார் எழுந்து போனார்கள்.
அவர் ஆசனம் எதுவும் சொல்லித் தரவில்லை.
வந்தவர் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்து
தூங்கும்வரை வைத்திரு என்பார்.
பிறந்த தேதி: சிவப்பு அடையாளக் கார்டில் ஜனவரி ஒன்று.
அந்தக் காலத்து ஆயாக்கள் எல்லாரும்
ஜனவரி ஒன்றில்தான் பிறந்தார்கள்.

நான்காமவர் இன்னாசிமுத்து, பஸ் மெக்கானிக்.
ஞாயிறு பூசை முடிந்து நேரே இங்கே வருவார்.
ஆறு மாதத்தில் வீரக்காளின் தொட்டிலில் கிடந்தவர்;
தீட்சை அப்போதே ஆகிவிட்டது என்பார், சிரிக்காமல்.
இருபத்தொரு வருடம் சொல்லித் தந்தார்,
நகக்கண்ணில் கிரீஸோடு. எங்கள் மூக்கை அவர் விரல் அடைத்தால்
இடகலையும் டீசல், பிங்கலையும் டீசல்.
போன மார்கழியில் மாதாகோயில் மணி அடித்து அடக்கினோம்.
பாயை யாருக்கும் மடித்துக் கொடுக்கவில்லை.
மூலையில் விரித்தபடி கிடக்கிறது.
பெருக்குகிறவள் அதைச் சுற்றிப் பெருக்குகிறாள்.
அவளும் நான்தான்.

கவுண்டரில் ரொஸ்லினா பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.
நல்ல பெண். கிடைச்சாமியின் ஐந்து காலியிலும்
ஒன்றும் கேட்காமல் "இல்லை" என்று தானே எழுதினாள்.
கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் விரல் நின்றது.
வாரிசு யார் என்றாள் மலாயில்.
காலியாக விட்டால் கணினி ஏற்காதாம்,
ஒரு கோடாவது போடுங்கள்.

பேனாவை வாங்கினேன்.
வரிசையில் யாரோ இருமினார்.
கோடு நேராக வரவில்லை;
இடம் உயர்ந்து வலம் தாழ்ந்து சரிந்தது,
வெட்டுக்காரன் வீட்டுக் கை.
தாள் கிழியவில்லை.

முத்திரை குத்தி, பத்து வெள்ளிக்கு ரசீது தந்தாள்.
மூச்சை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.
இரண்டு மணிக்கு ஷிப்ட்.
லாரிகள் இந்நேரம் ரோடுவரை நின்றிருக்கும்.