அரை மாத்திரை

வத்தலக்குண்டில் ஐந்து ஐம்பது வண்டி.
பின்படிக்கு முந்தின இருக்கை, ஜன்னல் ஓரம்.
கையில் எலுமிச்சம்பழம்,
பையில் எட்டாம் வகுப்பு இலக்கண விடைத்தாள்
நாற்பத்து மூன்று.
ஒன்பது வருடமாய்த் திங்கள்தோறும் ஏறுகிறேன்.
வயிறு இன்னும் இந்த மலையோடு
ராசியாகவில்லை.

நடத்துநர் அடைக்கலத்திடம்
சில்லறை இருக்காது, கட்டைவிரல் இருக்கும்.
காட்ரோடு தாண்டி
முதல் கொண்டை ஊசியில் வண்டி சாயும்போதே
யார் முகம் வெளுக்கிறதென்று தெரிந்துவிடும்.
"கையக் குடுங்க."
மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரற்கடை.
அவர் விரல் கணக்கில்லை, உங்கள் விரல்;
குழந்தைக்குக் குழந்தை விரல்.
இரண்டு நரம்புக் கயிற்றின் நடுவே
சின்னதாய் ஒரு பள்ளம்.
அங்கே இறங்கும் கட்டைவிரல்.
மறுகை டிக்கெட் மெஷினில்
பெருமாள்மலை ரெண்டு, கொடைக்கானல் மூணு.
பெண்களுக்குப் பேனா மூடியால்
இடம் மட்டும் காட்டுவார்:
"நீங்களே அமுக்குங்கம்மா."

"அக்குபிரஷர்னு மேல போர்டு போட்டு
ஐநூறு வாங்குறான் டீச்சர்.
நமக்குத் தக்கலைப் பக்கம். அங்க வர்மம்னு பேரு."
இரண்டும் ஒன்றா என்று கேட்டேன்.
"கொடைக்கானலுக்குப் பழனி வழியாவும் வரலாம்,
இப்படியும் வரலாம்.
வழியில டீக்கடைதான் வேற வேற."
உச்சந்தலையில் கொண்டைக்கொல்லி
என்றொரு புள்ளி இருக்கிறது என்றார்.
சொல்லி வாய் மூடவில்லை,
வண்டி கொண்டை ஊசியில் திரும்பிற்று.
சிரித்தது நான் மட்டும்தான்.

அழுத்துவதற்கும் அளவு உண்டாம்.
கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால்.
முழுதாய் இறக்கினால்
குணமாக்குகிற அதே இடம்
ஆளைச் சாய்த்துவிடும்.
என் வகுப்பு மாத்திரை வேறு:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மெய் என்றால் உடம்பென்றும்
அதே பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன்.
சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு டம்டம் பாறைக்கு முன்பே
தலை பிளந்தது.
"தலைவலிக்கு இடம் வேற" என்று
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
சதைமேட்டுக்கு வந்த பேனா மூடி
தொடாமல் நின்றது.
"இங்க மட்டும் பொம்பளைங்களை
ஒண்ணு கேட்டுட்டுத்தான் சொல்லணும்."
என்னைப் பார்க்கவில்லை.
கீழே மஞ்சளாறு அணையைப் பார்த்தபடி,
"மாசமா இருந்தா இது ஆகாது."

நாற்பத்தொரு வயது.
பதினோராவது வாரம்.
போன இரண்டு முறையும் சொன்னேன்;
அன்றைக்கே பால்கோவா வாங்கினார்கள்.
இந்த முறை
காலண்டரில் பென்சில் கோட்டுக்கு மட்டும் தெரியும்.

"ஆகாது, அண்ணே" என்றேன்.

முன்னால் பூண்டு மூட்டைக்காரர்
யாருடனோ போனில் விலை பேசிக்கொண்டிருந்தார்.
பேனா மூடி மூன்று விரற்கடை மேலே ஏறியது.
"அப்ப இங்க. அரை மாத்திரை போதும்."
என் விரலால் நானே அழுத்தினேன்.
கண் இமைக்கும் நேரத்தில் பாதி,
இலக்கணப்படி.
எனக்கு அது ஒரு முழு வளைவு நீண்டது.

ஊத்து வரைக்கும் வாந்தி இல்லை.
ஊத்தில் வந்தது.
விசில் அடித்து வண்டியை நிறுத்தி,
தன் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தந்து,
எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:
"புள்ளியில தப்பில்ல. டிரைவர்தான் தப்பு."
பத்திரமாய் இருங்கள் என்றோ
ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றோ சொல்லவில்லை.
போகத்தான் போகிறேன், வியாழக்கிழமை, ஸ்கேனுக்கு.
விரல் பார்க்க முடியாததை
அது பார்க்கட்டும்.

மூன்றாவது பீரியட் காலி.
ஜன்னலில் மூடுபனி.
டெல்பினா விடைத்தாளில்
ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை.
வழக்கமாய் அரை மார்க் குறைப்பேன்.
இன்று நானே வைத்தேன்,
ஒவ்வொன்றாக,
சிவப்பு மையில்,
அழுத்தாமல்.