காடாத் துணிக்குப் பின்பக்கம் கிடையாது

சபையில எல்லாரும் உங்களை 'நீர்'ங்கறாங்க.
எனக்கு அது வாயில நிக்க மாட்டேங்குது.
தொட்டில்ல கெடக்கற கொழந்தையைக்கூட
'வாங்க சாமி, பால் குடிங்க'ன்னு கூப்பிடற ஊரு இது.
அதனால, ஏனுங்க ஆண்டவரே,
இப்படியே பேசிக்கறனுங்க.

நேத்துப் பொழுதோட ஆயர் வந்திருந்தாரு.
கட்டிலோரமா நாற்காலியை இழுத்துப் போட்டு
இவரோட வராத கையைப் புடிச்சு ஜெபிச்சாரு.
எந்திரிக்கறப்ப சொன்னாரு:
'பெர்சிஸ், கர்த்தர் நெய்யறாரும்மா.
நாம பாக்கறது துணியோட பின்பக்கம்.
முடிச்சும் பிசிறுமாத்தான் தெரியும்.
மேல இருந்து பாத்தா அத்தனையும் பூவு.'

மறுத்துப் பேசல. காப்பி குடுத்து அனுப்பினனுங்க.
நல்ல மனுசன். பஞ்சரான டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கிட்டு
அத்தனை தூரம் வந்தவரு.

ஆனா இருபத்திரண்டு வருசமா
நான் ஓட்டறது காடாத் துணிங்க.
பூவில்லை, கரையில்லை, சாயமில்லை.
பாவு ஒண்ணு மேல, ஒண்ணு கீழ,
ஊடை நடுவுல. அவ்வளவுதான்.
திருப்பிப் போட்டாலும் அதே துணி.
அதுக்குப் பின்பக்கமே கிடையாதுங்க.

எட்டுத் தறி இருந்துச்சு.
கூலி ஒசத்தச் சொல்லி நாப்பத்தேழு நாள் நிறுத்தினோம்.
வட்டி ஒசந்துச்சு.
தை மாசம் நாலு தறி போச்சு.
தறியாப் போகல, இரும்பாப் போச்சு, கிலோக் கணக்குல.
எடை போட்டவன் மரத்தையெல்லாம் கழட்டி வீசினான்,
அதுக்கு வெலையில்லைன்னுட்டான்.
காமநாயக்கன்பாளையம் பிரிவு வரைக்கும்
லாரிக்குப் பின்னாடியே நடந்து போனாரு இவரு.
எட்டாம் நாள் காலம்பர, பல்லு வெளக்கையில,
வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.

அன்னையிலிருந்து ஜெபத்துக்குச் சொல்லு வரலைங்க.
ராத்திரி ஷிப்டுல நாலு தறிக்கு நடுவுல நின்னு
உங்க பேரை மட்டும் சொல்லுவேன்.
எனக்கே கேக்காது.
அந்தச் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கப்போகுதுன்னு
நெசமாவே நெனச்சிருக்கனுங்க.
தப்புன்னா தப்புதான்.

நேத்து மணி ரெண்டு இருக்கும்.
மூணாம் தறியில ஊடை அறுந்துச்சு.
நான் அந்தாண்ட திரும்பித் தார் மாத்திட்டிருந்தேன்.
பாக்கல. ஆனா காலு தானாப் போச்சு அங்க.
இத்தனை வருசத்துல யோசிச்சதே இல்லைங்க,
தறி கதறற கொட்டாயில
நின்னு போன ஒண்ணுதான்
மொதல்ல காதுல விழுகுது.
நாடாக் கண்ணுல வாயை வெச்சு
நூலை உறிஞ்சி இழுத்து, கைப்பிடியைத் தள்ளி,
மறுபடி அது ஓடற வரைக்கும்
கை நடுங்கிட்டே இருந்துச்சு.

நீங்களும் அப்படித்தானுங்களா?
நான் பேசினது கேக்காமப் போயிருக்கட்டும்.
நான் நின்னு போனது
கேட்டுச்சுங்களா?

பதிலுன்னு ஒண்ணும் வரல.
உள்ளேருந்து இவரு கூப்பிட்டாரு.
இப்பெல்லாம் பாதிச் சொல்லுதான் வரும்,
மீதியை நான்தான் போட்டுக்கணும்.
'த'ன்னு கேட்டுச்சு.
தண்ணியா, தறியான்னு தெரியல.
தண்ணி கொண்டுபோய்க் குடுத்து,
தறி ஓடுதுன்னும் சொல்லிட்டு வந்தேன்.

ஆயர் சொன்ன பூவு எனக்கு வேண்டாமுங்க.
நான் பாக்கற பக்கத்தையே நீங்களும் பாக்கறீங்கன்னா,
இந்த முடிச்சு உங்களுக்கும் முடிச்சுதான்னா,
அது போதும், நாளைக்குப் பாவு பிணைக்க.

வர்றதுக்கு நேரமாகுது. தெரியுதுங்க.
உங்க கொட்டாயில எத்தனை தறியோ,
எத்தனை நின்னு கெடக்குதோ.
நான் எங்கயும் போகலைங்க.
அறுந்த எடத்துலயே நிக்கறேன்.
வாங்க.